மாட்டின் விலையும் நாயின் வைத்தியமும்

ஜொகூர் தோட்டங்களில் பால்மரம் வெட்டிப் பிழைத்த தமிழ்க் குடும்பங்களுக்குச் சொத்து என்று இருந்தது மாடுதான். குளுவாங் பக்கத்துத் தோட்டமொன்றில் நாங்கள் குடியிருந்த லயத்தின் பின்னால் வரிசையாக மாட்டுக் கொட்டகைகள் இருந்தன. வெட்டுக் கூலி அரிசி பருப்புக்கே சரியாகிவிடும். பள்ளிச் செலவும் அக்காவின் கல்யாணமும் பால் விற்ற காசிலும் கன்று விற்ற காசிலும் நடந்தன. மாட்டுக்கு வயிறு உப்பினால் அப்பா மூங்கில் குழாயில் கசாயம் புகட்டுவார். அது பிழைக்காவிட்டால் நட்டம் முழுவதும் எங்கள் தலையில்தான். காப்பீடு என்ற பேச்சே எங்கள் லயத்தில் அடிபட்டதில்லை.

தமிழ்நாட்டில் கதை வேறு. இந்தியாவில் பொதுக் காப்பீட்டுத் தொழில் 1972ஆம் ஆண்டுச் சட்டத்தால் நாட்டுடைமையானது. அதன் பிறகு, வங்கிக் கடனில் வாங்கிய கறவை மாடுகளைத் தொடர்ந்து காப்பீடும் கிராமங்களுக்குள் வந்தது. கால்நடை மருத்துவர் மாட்டின் வயதையும் விலையையும் குறித்துக்கொண்டு, எண் பொறித்த வில்லையைக் காதில் மாட்டுவார். மாடு செத்தால் அந்தக் காதுவில்லையை ஒப்படைக்க வேண்டும். வில்லை இல்லையென்றால் பணமும் இல்லை. திருச்சிப் பக்கத்தில் இருந்த என் சித்தப்பா, மேய்ந்து திரும்பும் பசுவுக்குத் தண்ணீர் காட்டுவதற்கு முன்பே அதன் காதைத் தடவிப் பார்த்துவிடுவார்.

ஐரோப்பாவிலும் தொடக்கம் இப்படித்தான். சுவீடனில் 1890இல் கிளாஸ் விர்ஜின் என்பவர் குதிரைகளுக்கும் கால்நடைகளுக்கும் காப்பீடு தொடங்கினார். அதே நாட்டில் 1924இல் முதன்முதலாக ஒரு நாய்க்குக் காப்பீடு எழுதினார்கள். செல்லப்பிராணிக் காப்பீடு பிரிட்டனுக்கு 1947இல் வந்தது. அமெரிக்காவில் 1982இல் எழுதிய முதல் பத்திரம், தொலைக்காட்சியில் லாஸியாக நடித்த நாய்க்கு.

தொழுவத்திலிருந்து வீட்டுக்குள் வந்தபோது காப்பீடு வேறொன்றாகிவிட்டது. மாட்டுக்காப்பீடு சந்தை விலையை ஈடுகட்டியது. தெருவிலிருந்து தூக்கி வந்து வளர்த்த நாய்க்குச் சந்தை விலை ஏது? அதற்கான காப்பீடு முக்கியமாகச் சுமப்பது வைத்தியச் செலவை. மலேசியாவின் 2015ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டமும், வலியிலிருந்தும் நோயிலிருந்தும் பிராணியைக் காப்பது வளர்ப்பவரின் கடமை என்கிறது.

அதனால், 'கட்டிய பணம் திரும்பி வருமா?' என்ற மாட்டுக் கணக்கு நாய்க்குப் பொருந்தாது. நாளைக்கு டாக்டர் ஆயிரக்கணக்கான வெள்ளியில் அறுவை சிகிச்சை என்றால், தயங்காமல் 'செய்யுங்கள்' என்று சொல்லக் கையில் பணம் இருக்குமா? இருக்குமென்றால் காப்பீடு அவசியமில்லை. மாதாமாதம் ஒரு தொகையைத் தனியாக எடுத்து வைத்தால் போதும். இருக்காது என்றால், தவணைப் பணம் வீண்செலவாகாது.

இப்போது கூலாயில் என்னோடு ஓர் இளம் நாயும் வயதான பூனையும் இருக்கின்றன. நாய்க்குக் காப்பீடு எடுத்தேன், பூனைக்கு எடுக்கவில்லை. ஏற்கெனவே இருக்கும் நோய்க்குக் காப்பீட்டில் பொதுவாகப் பணம் கிடைக்காது. புதிதாகச் சேர்ப்பதற்கு வயது வரம்பும் உண்டு. சேர்ந்த முதல் சில நாட்களுக்குக் காத்திருப்புக் காலம், ஆண்டுக்கு உச்சவரம்பு, நம் கையிலிருந்து போகும் பங்கு என்று பத்திரத்தில் இருப்பதையெல்லாம் உட்கார்ந்து படித்தேன். காதுவில்லையின் இடத்தில் இன்று மைக்ரோசிப் வந்திருக்கிறது. என் நாய்க்குத் தோலுக்கடியில் அதைச் செலுத்தியபோது ஒரு கணம் சிலிர்த்தது, அவ்வளவுதான்.

என்னிடம் யோசனை கேட்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: குட்டியாக இருக்கும்போதே, முதல் நோய் வருவதற்கு முன்பே முடிவெடுங்கள். காப்பீடோ சேமிப்போ, ஏதாவது ஒன்று இருக்கட்டும். நம்மை நம்பி வீட்டுக்குள் வந்த உயிரின் வைத்தியம், அந்த மாதச் சம்பளத்தில் மீதி இருக்கிறதா இல்லையா என்பதைப் பார்த்து நடக்கக் கூடாது.