ஒளியின் வேகம்

வெற்றிடத்தில் ஒளி ஒரு நொடியில் கடக்கும் தொலைவு 29,97,92,458 மீட்டர். ஒளி செல்ல நேரம் பிடிக்குமா என்பதே நெடுங்காலம் தீராத வழக்காக இருந்தது. பிடிக்கும் என்றார் எம்பெடோக்கிளிஸ், அரிஸ்டாட்டில் மறுத்தார். 11ஆம் நூற்றாண்டில் இப்னு அல்-ஹைதம் எம்பெடோக்கிளிஸின் பக்கம் நின்றார். கெப்ளரும் டேக்கார்ட்டும்கூட ஒளி கணத்தில் பரவுவதாகவே நம்பினர். தொலைவில் நிற்கும் இருவர் விளக்குகளை மூடித் திறந்து சோதிக்கும் முறையைக் கலிலியோ 1638இல் வெளியான நூலில் எழுதினார். யோசனை சரிதான், ஆனால் ஒரு மைலை ஒளி கடக்கும் நேரத்தைப் பிடிக்க மனிதக் கையால் ஆகாது.

விடை வானிலிருந்து வந்தது. பாரிஸ் வானாய்வகத்தில் பணியாற்றிய டென்மார்க் நாட்டவர் ஓலே ரோமர், வியாழனின் நிலவான அயோ மறைந்து வெளிப்படும் நேரங்களைக் கவனித்தார். பூமி வியாழனை விட்டு விலகும் மாதங்களில் அவை தாமதமாயின. நெருங்கும் மாதங்களில் முந்தின. ஒளி கடக்க வேண்டிய தொலைவு மாறுவதே காரணம் என்று ரோமர் கருதினார். 1676 நவம்பர் 9 அன்று அயோ 10 நிமிடம் தாமதமாகத் தோன்றும் என்று முன்கூட்டியே அறிவித்தார், அப்படியே நடந்தது. பூமிப் பாதையின் விட்டத்தைக் கடக்க ஒளிக்கு 22 நிமிடம் ஆகும் என்பது அவர் கணக்கு. உண்மையில் 17 நிமிடத்துக்கும் சற்றுக் குறைவு. வானாய்வகத்தை வழிநடத்திய காசினி இதை ஏற்கவில்லை. ரோமரின் தரவைக் கொண்டு வேகத்தைக் கணக்கிட்டவர் ஹைகன்ஸ். இன்றைய அலகில் நொடிக்கு ஏறத்தாழ 2,20,000 கி.மீ. எண் பிழையானது என்றாலும், ஒளிக்கு வேகம் உண்டு என்று நிறுவிய பெருமை ரோமருக்கே உரியது.

1729இல் ஜேம்ஸ் பிராட்லி, பூமியின் ஓட்டத்தால் விண்மீன்கள் இடம் மாறித் தெரிவதை விளக்கி, ரோமரின் முடிவை உறுதிசெய்தார்.

தரையில் முதலில் அளந்தவர் ஃபிசோ. 1849இல், 720 பற்கள் கொண்ட சக்கரத்தின் இடைவெளி வழியே செலுத்திய ஒளியை 8,633 மீட்டர் தொலைவிலிருந்த கண்ணாடியில் பட்டுத் திரும்பச் செய்தார். சக்கரம் நொடிக்கு 12.6 முறை சுழன்றபோது, திரும்பிய ஒளியை அடுத்த பல் மறைத்தது. கிடைத்த வேகம் நொடிக்கு ஏறத்தாழ 3,13,000 கி.மீ. 1862இல் ஃபூக்கோ சுழலும் கண்ணாடியைக் கொண்டு 2,98,000 கி.மீ. என்றார்.

மின், காந்த அளவீடுகளிலிருந்தும் ஏறத்தாழ இதே எண் கிடைப்பதைக் கண்ட மேக்ஸ்வெல், 1860களில் ஒளியை மின்காந்த அலை என்று அறிவித்தார். இந்த வரலாற்றின் மிகப் பெரிய பாய்ச்சல் இதுதான். ஆல்பர்ட் மைக்கல்சன் 1879 முதல் 1931இல் இறக்கும் வரை இதே அளவீட்டைச் செம்மைப்படுத்தினார். 1887இல் மார்லியுடன் அவர் நடத்திய சோதனை ஒளி ஈத்தர் என்னும் ஊடகத்தின் வழியே பரவுகிறது என்ற கொள்கையை அசைத்தது. எல்லாச் சீரான இயக்கத்திலும் ஒளிவேகம் மாறாது என்பதை ஐன்ஸ்டைன் 1905இல் தம் சார்பியலுக்கு அடிப்படையாக்கினார்.

1972இல் அமெரிக்காவின் போல்டர் நகரில் லேசர் கொண்டு எடுத்த அளவீட்டில் பிழை நொடிக்கு ஏறத்தாழ ஒரு மீட்டராகச் சுருங்கியது. 1983இல் ஒளிவேகத்தின் எண் நிலையாக வரையறுக்கப்பட்டது. மீட்டரின் நீளம் அதிலிருந்தே பெறப்படுகிறது.