தேய்ஞ்ச குழல்: மாத்தணுமா, திரும்ப வெட்டணுமா?

1800-களோட தொடக்கத்துல, அமெரிக்காவோட பென்சில்வேனியா. வேட்டைக்காரரோட ரைஃபிள் குறி தவற ஆரம்பிக்குது. கரிமருந்துக் கசடும் துருவும் குழலுக்குள்ள இருக்கிற சுருள் பள்ளங்களை அரிச்சிருச்சு. புதுக் குழல்னா இரும்பைக் கையால அடிச்சுச் செய்யணும், செலவு அதிகம். அதனால பலர் பழசையே திரும்ப வெட்டச் சொன்னாங்க.

துப்பாக்கிக் கொல்லர் குழலுக்குள்ள கம்பியை விட்டு, அதைச் சுத்தி ஈயத்தை உருக்கி ஊத்துவார். ஆறின ஈயம் பள்ளத்தோட வடிவத்தை அப்படியே எடுத்துக்கும். அதுல சின்ன வெட்டுப்பல் பொருத்தி இழுத்தா, பழைய பள்ளமே புதுப் பள்ளத்துக்கு வழிகாட்டி!

ஆனா துளை பெரிசாயிடும். பழைய அச்சுல வார்த்த குண்டு பொருந்தாது, அச்சையும் மாத்தணும். ஒவ்வொரு தடவையும் குழலோட சுவர் மெலியும்.

பழைய கோடைப் பார்த்தாலே "முழுசா மாத்திடலாம்"னு சொல்ற ஆள் நான். இப்போ முதல்ல கேக்குறது: இன்னும் எத்தனை வெட்டு தாங்கும்?