பௌலிங் பொறியும் பழுதறியும் கலையும்

உருளும் பந்தால் பத்துக் கட்டைகளை வீழ்த்தும் பௌலிங் ஆட்டத்தைச் சுருக்கி, நாணயமிட்டு ஆடும் மின்பொறியாக அமைத்தோர் சிக்காகோ நகரத்தார். அங்குள்ள யுனைற்றெட் என்னும் நிறுவனம் 1949ஆம் ஆண்டில் ‘ஷபிள் ஆலி’ என்ற பொறியை வெளியிட்டது. பலகைமீது வழுக்கிச் செல்லும் உலோக வட்டு கட்டைகளை மோதுவதில்லை. அவற்றின் கீழுள்ள கம்பி ஆளிகளையே தொட்டுச் செல்லும். பின்வந்த பொறிகளில், அவ்வளவில் தொங்கும் கட்டைகள் மேலே மடங்கும். 1950களில் சிறு பந்துகளை உருட்டும் நீண்ட பொறிகளும் தோன்றின.

இவற்றுட் கணினி இல்லை. ஆடுவோரின் முறையையும் புள்ளிகளையும் படிப்படியாய் நகரும் சக்கரங்களின் நிலையே நினைவிற் காத்தது. ஆதலின் பழுதும் பெரும்பாலும் கண்ணுக்குப் புலனாவதே. புள்ளி ஏறாதாயின் தொடுமுனையில் மாசு படிந்திருக்கலாம். அன்றிப் பழைய மசகு இறுகிச் சக்கரத்தின் அசைவைத் தடுத்திருக்கலாம். மின்னிணைப்பைத் துண்டித்து, மின்சுற்றுப் படத்தின் வழியே சென்று, ஒவ்வொரு தொடுமுனையாக ஆராய்தலே முறை. பொறுமையற்றோன் முரட்டு அரத்தால் தேய்த்தும், கண்ட ஆளிகளை வளைத்தும் ஒரு பழுதைப் பத்தாக்குவான்.

1970களின் இறுதியில் மின்னணுச் சில்லுகள் புகுந்து இவ்வமைப்பை ஒதுக்கின. மரப்பெட்டி சிதைந்தால் தச்சன் மீளச் செய்வான். மின்சுற்றுப் படமும் அதனைப் படிக்கும் அறிவும் மறைந்தாலோ, எஞ்சுவது மரமும் கம்பியுமே. பழையன பேணுதலாவது பொருளைக் காத்தல் மாத்திரமன்று. அதனை விளங்கும் அறிவைக் காத்தலுமாம்.