பெவிலியனுக்கு வெளியே ஒரு டீ

1934 செப்டம்பர். டெட்ராய்ட் டைகர்ஸ் பேஸ்பால் அணி முதலிடத்துக்கு முட்டி மோதிக்கொண்டிருந்த நேரத்தில் அதன் பெரிய அடிகாரர் ஹேங்க் கிரீன்பெர்க் ஓர் ஆட்டத்துக்கு வரவில்லை. அன்று யூதர்களின் நோன்பு நாளான யோம் கிப்பூர். ஜெபக்கூடத்துக்குள் நுழைந்தவரைக் கூட்டம் கைதட்டி வரவேற்றது. மைதானத்தில் அவர் பிறப்பைச் சொல்லி வைதவர்கள் நிறைய பேர். ஆனாலும் ‘இன்னைக்கு நான் வரல’ என்று சொல்ல அவருக்கு ஓர் இடம் இருந்தது. பேஸ்பால் யூதர்களைப் பற்றி எப்போது படித்தாலும் எனக்குப் பல்வங்கர் பாலு நினைவுக்கு வந்துவிடுவார்.

பாலு பிறந்தது தோல் தொழிலோடு சேர்த்து ஒதுக்கப்பட்ட சாதியில். புனேயில் கிரிக்கெட் கிளப் ஒன்றின் பிட்ச்சைக் கூட்டிப் பராமரிக்கும் வேலை. மாதம் 3 ரூபாய் சம்பளம். பிறகு வெள்ளைக்காரர்களின் கிளப்பில் வலைப்பயிற்சிக்குப் பந்து போட்டார். இடது கைச் சுழல். போடத்தான் விட்டார்கள், பேட்டைக் கையில் கொடுக்கவில்லை.

அப்போது மதத்தின் பேரிலேயே அணி பிரிப்பார்கள். வெள்ளையரை ஜெயிக்க வேண்டுமென்றால் புனே இந்துக்களுக்குப் பாலு வேண்டும். சேர்த்துக்கொண்டார்கள். டீ இடைவேளையில் மற்றவர்களுக்குப் பெவிலியனுக்குள் பீங்கான் கோப்பை. பாலுவுக்கு வெளியே, தூக்கிப் போடுகிற மண் குவளையில்.

தருமபுரிப் பக்கம் வளர்ந்தவனுக்கு இந்தக் குவளையை யாரும் விளக்க வேண்டியதில்லை. எங்கள் ஊரில் டென்னிஸ் பால் டோர்னமென்ட் என்றால் ஊர் டீம் தனி, காலனி டீம் தனி. காலனிப் பையன் ஒருத்தன் யார்க்கர் போட்டால் ஊர்க்காரர்களும் விசில் அடிப்பார்கள். ஆட்டம் முடிந்ததும் அவனவன் அவனவன் தெருவுக்கு.

1906-இல் பம்பாயில் இந்துக்கள் ஐரோப்பியர்களை 109 ரன்னில் தோற்கடித்தார்கள். 1911 இங்கிலாந்துப் பயணத்தில் பாலு நூற்றுக்கும் மேல் விக்கெட் எடுத்தார். கேப்டன் பதவி மட்டும் வரவே இல்லை. 1920-இல் பாலுவுக்கு அணியில் இடமில்லை, தம்பி விட்டலுக்குக் கேப்டன் பதவியில்லை என்றானதும் விட்டலும் இன்னொரு தம்பி சிவராமும் அணியைவிட்டு விலகினார்கள். கிரீன்பெர்க் வராமல் இருந்ததைவிட எனக்கு இது பெரிது. கைதட்ட இவர்களுக்கு ஒரு கூடம்கூட இல்லையே. 1923-இல் விட்டல் கேப்டனானார்.

இளம் அம்பேத்கருக்குப் பாலுதான் நாயகன். 1932 பூனா ஒப்பந்தத்தின்போது பாலு, சென்னையின் எம்.சி. ராஜாவைப் போலவே, காந்தியின் பக்கம் நின்றார். 1937 பம்பாய்த் தேர்தலில் அம்பேத்கரை எதிர்த்து நிற்கக் காங்கிரஸ் தேடிப் பிடித்த ஆளும் பாலுதான். கேப்டனாக்கத் தயங்கிய அதே சமூகத்துக்கு இந்தமுறை தயக்கமே இல்லை. சுமார் 2,000 ஓட்டில் பாலு தோற்றார்.