தேறாதுன்னு ஒதுக்கின பிளாஸ்டிக்

நம்ம இடுப்பு ஒரு பந்துக்கிண்ண மூட்டு. தொடை எலும்போட உருண்டைத் தலை, இடுப்பெலும்புக் குழிக்குள்ள சுழலும். நடுவுல வழவழப்பான குருத்தெலும்பு. அது தேய்ஞ்சா ஒவ்வொரு அடியும் வலிதான்.

இங்கிலாந்தின் ரைட்டிங்டன் மருத்துவமனையில் டாக்டர் ஜான் சார்ன்லி, உலோக உருண்டைக்கு டெஃப்லான் கிண்ணம் செஞ்சு சுமார் 300 பேருக்கு வச்சார். சில வருஷத்துலயே கிண்ணம் தேய்ஞ்சது. உதிர்ந்த துகள்கள் சுத்தியிருந்த திசுவைக் கெடுத்தன. மறுபடியும் ஆபரேஷன்.

1962-ல் பாலிஎதிலீன் துண்டு ஒண்ணு வந்தது. தேறாதுன்னு ஒதுக்கிட்டார் சார்ன்லி. ஆய்வக டெக்னீஷியன் ஹாரி கிரேவன் விடலை. தேய்மான மெஷின்ல ஓடவிட்டார். டெஃப்லான் ஒரு நாள்ல தேயற அளவுக்கு, இது மூணு வாரம் ஓடியும் தேயலை. சார்ன்லி மனசை மாத்திக்கிட்டார். நவம்பர்ல முதல் நோயாளிக்கு வச்சார்.

என்னைக் கேட்டா, இந்தக் கதைக்கு ரெண்டு ஹீரோ: டெஸ்டை நிறுத்தாதவர், ரிசல்ட்டைப் பார்த்து மாறினவர்.