ஹன்சார்ட் பிறந்த கதை

சபையில் பேசியதை எந்தப் பத்திரிகையும் அச்சிடக் கூடாது என்று 1738-இல் பிரிட்டிஷ் காமன்ஸ் சபை தீர்மானம் போட்டது. பத்திரிகைக்காரர்கள் விடுவார்களா? ‘ஜென்டில்மேன்ஸ் மேகஸின்’ நேராகக் கலிவர் கதையில் வரும் லில்லிபுட் நாட்டுக்குப் போய்விட்டது. அங்கே நடந்த விவாதம் என்று தலைப்பிட்டு, தலைவர்களின் பெயர்களில் எழுத்துகளை இடம் மாற்றி, எல்லாவற்றையும் அச்சிட்டது. சில ஆண்டுகள் அதை எழுதியவர் சாமுவேல் ஜான்சன். அவர் சபைப் பக்கம் போனதே அபூர்வம். யார் பேசினார், எந்தப் பக்கம் பேசினார் என்று தகவல் வந்தால் போதும், மீதியை அவரே எழுதிவிடுவார். சபை உறுப்பினர் பிட்டின் பேச்சு என்று எல்லாரும் மெச்சிய ஒன்றை, எக்ஸிட்டர் தெருவில் ஒரு மச்சு அறையில் உட்கார்ந்து தாம்தான் எழுதினேன் என்று பின்னாளில் ஒரு விருந்தில் போட்டு உடைத்தார்.

1771-இல், விவாதங்களை அச்சிட்ட ஜான் மில்லர் என்ற அச்சகக்காரரைப் பிடித்துவரச் சபை தன் சேவகரை அனுப்பியது. பிடிக்கப் போன சேவகரையே கைதுசெய்து லண்டன் மேயர் முன் நிறுத்திவிட்டார்கள்! மில்லர் பக்கம் நின்ற மேயர் பிராஸ் கிராஸ்பியைச் சபை லண்டன் டவர் சிறைக்கு அனுப்பியது. நகரமே அவர் பின்னால் திரண்டது. அதற்குப் பிறகு தடை ஏட்டோடு சரி.

ஆனாலும் பார்வையாளர் மாடத்தில் குறிப்பெடுக்க விடமாட்டார்கள். ‘மார்னிங் கிரானிக்கிள்’ பத்திரிகையின் வில்லியம் உட்ஃபால் மணிக்கணக்கில் கேட்டு, அத்தனையும் மனதில் வாங்கிக்கொண்டு, அச்சகத்துக்கு வந்து பத்தி பத்தியாக எழுதுவார். இடையில் பசிக்குச் சட்டைப்பையில் அவித்த முட்டை வைத்திருப்பார் என்பார்கள்.

பின்னாளில் ஹன்சார்ட் என்று பெயர் பெற்ற நாடாளுமன்ற விவாதத் தொகுதியை 1803-இல் தொடங்கியவர் வில்லியம் காபெட், அரசாங்கத்தைக் கண்டால் ஆகாதவர். ஈலி நகரில் படைவீரர்களைச் சவுக்கால் அடித்ததைக் கண்டித்து எழுதியதற்காக 1810-இல் அவருக்கு இரண்டு ஆண்டுச் சிறை, 1,000 பவுண்டு அபராதம். அதை அச்சடித்த தாமஸ் கர்சன் ஹன்சார்டும் மூன்று மாதம் உள்ளே இருந்தார். பணமுடை நெருக்க, 1812-இல் காபெட் விவாதத் தொகுதியை ஹன்சார்டுக்கே விற்றுவிட்டார். 1829-இல் முகப்பில் ஹன்சார்ட் பெயர் ஏறியது. கைமாறியது காபெட்டின் உழைப்பு. நிலைத்தது அச்சகக்காரர் பெயர். அப்போதும் அது பெரும்பாலும் செய்தித்தாள்களிலிருந்து திரட்டிய தொகுப்புதான்.

1909-இல் காமன்ஸ் சபை சொந்தமாக நிருபர்களை அமர்த்தியது. அதற்கு முன்பே முகப்பிலிருந்து ஹன்சார்ட் பெயர் போயிருந்தது. பேச்சு வழக்கிலிருந்து போகவில்லை. 1943-இல் சபையே அந்தப் பெயரைத் திரும்ப முகப்பில் அச்சிட்டது. இலங்கை நாடாளுமன்றப் பதிவேட்டுக்கும் ஹன்சார்ட் என்றுதான் பெயர்.