தாது வருஷமும் நம் முன்னோரின் விசுவாசமும்



யூபிலி மலர் என்றால் கோயில் கட்டிய வரலாறும் மணி வாங்கிய கணக்கும் எழுதுவது வழக்கம். அவற்றை மற்றப் பக்கங்களில் காண்பீர்கள். நான் எழுத விரும்புவது ஒரு பஞ்சத்தைப் பற்றி.

ரிஷிவந்தியம் வட்டாரத்தார் நாம் வானம் பார்த்து வாழ்கிறவர்கள். கல்வராயன் மலையில் மழை இறங்கினால்தான் கோமுகியிலும் மணிமுத்தாற்றிலும் தண்ணீர். 1876-இல், தாது வருஷத்தில், பருவமழை பொய்த்தது. மறு ஆண்டு ஆடியும் ஆவணியும் காய்ந்தே போயின. தென்னாற்காடு ஜில்லாவாகிய நம் பக்கமும் தவித்தது. மலைக்கு அப்புறம் சேலம் ஜில்லா அடைந்த கதி இன்னும் கொடிது. 1871-க்கும் 1881-க்கும் இடையே அங்கே மக்கள்தொகை மூன்று லட்சத்துக்கு மேல் குறைந்துவிட்டது. 1877 சனவரி முதல் நாள் டில்லியில், விக்டோரியா அரசி இந்தியாவின் பேரரசியானதற்குத் தர்பார் நடந்தது. அதே மாதம் சர் ரிச்சர்டு டெம்பிள், நிவாரண வேலையில் மண் சுமந்த ஆளின் நாட்கூலியை ஒரு ராத்தல் தானியமும் சொற்பக் காசுமாகக் குறைத்தார். சென்னை அரசின் சுகாதார அதிகாரி டாக்டர் கார்னிஷ் இதை வன்மையாக எதிர்த்தார் என்பதையும் நன்றியோடு சொல்லவேண்டும்.

அக்காலத்தில் நம் பகுதி புதுவை மிஷனைச் சேர்ந்தது. 1776 முதல் பாரிஸ் வேதபோதக சபைக் குருக்கள் அதை நடத்திவந்தனர். பஞ்ச காலத்தில் ஆயராயிருந்தவர் லவ்வேனான் ஆண்டகை. வடக்கே சேத்துப்பட்டில் தராஸ் சுவாமியார் உழைத்தார். அந்த ஆண்டுகளில் ஆயிரமாயிரம் பேர் ஞானஸ்நானம் பெற்றார்கள். பெரும்பாலோர் நிலமில்லாத ஏழைகள், தீண்டாமையில் நசுங்கியவர்கள்.

“கஞ்சிக்காக வேதத்தில் சேர்ந்தவர்கள்” என்று அவர்களை ஏளனம் செய்தார்கள். இன்றும் அந்தச் சொல் காதில் விழுகிறது. நான் அதை மறுத்து வாதாடப் போவதில்லை. பசித்தவன் கஞ்சியைத் தேடித்தான் வருவான். யோவான் நற்செய்தி ஆறாம் அதிகாரத்தைப் புரட்டிப் பாருங்கள். அப்பத்துக்காகத் தம்மைத் தேடிவந்த கூட்டத்தை ஆண்டவர் கடிந்துகொண்டார். ஆனால் முதலில் அவர்களைப் பந்தியமர்த்தி வயிறார உண்ணக் கொடுத்தவரும் அவரே. பின்னர் பலர் விலகிப் போனார்கள், சிலர் நின்றார்கள்.

இங்கும் அப்படியே நடந்தது. 1877 கடைசியில் மழை வந்தது. மழையோடு காய்ச்சலும் வந்தது. பட்டினியில் தப்பியவர்கள் பலர், பயிர் பச்சைபிடித்த நேரத்தில் மாண்டார்கள். பிழைத்தவர்களில் பழைய வழிக்குத் திரும்பியோரும் உண்டு. ஆனால் கஞ்சித் தொட்டி மூடப்பட்ட பிறகும் ஏராளமானோர் உபதேசியாரிடம் ஜெபம் படிக்க உட்கார்ந்தார்களே, அவர்களை என்னவென்று சொல்வது? கோயிலுக்குள்ளும் கல்லறைத் தோட்டத்திலும் நம்மவர்களே அவர்களுக்குத் தனி இடம் ஒதுக்கினார்கள். பஞ்சத்தைவிடக் கொடிய சோதனை இதுதான் என்பது என் எண்ணம். அதையும் தாங்கிக்கொண்டு நின்றார்கள்.

குருமடத்துத் திருச்சபை வரலாற்று வகுப்பில் இந்த ஆண்டுகளை எத்தனை ஞானஸ்நானம் என்ற கணக்கோடு முடித்துவிட்டோம். இந்தப் பக்கத்து வயல் வரப்புகளில் நடந்த பிறகுதான் எனக்கு அது வேறாகத் தெரிந்தது. நம் பாட்டிமார் ஜெபத்தில் விசுவாசம், நம்பிக்கை, தேவசிநேகம் என்பார்கள். இன்று அந்த இரண்டாவதை எதிர்நோக்கு என்கிறோம். எனக்குப் பழைய சொல்லே நாவில் வருகிறது. ஆயினும் சித்திரையில் உழுதுவிட்டு மேற்கே மலையைப் பார்த்து நிற்கிற நம் குடியானவனுக்குப் புதிய சொல் நன்றாகவே பொருந்துகிறது. இப்போது நம் பிள்ளைகள் பெங்களூருக்கும் கேரளத்துக்கும் பிழைக்கப் போகிறார்கள். வீட்டில் முதியவர்கள் கூரைக்குக் கீழிருந்து சாலையைப் பார்த்திருக்கிறார்கள்.

தாது வருஷத்தில் இறந்தவர்களுக்குக் கல்வெட்டு இல்லை. நவம்பர் 2-ஆம் தேதி கல்லறை மந்திரிக்கும்போது, பெயர் எழுதிய சிலுவைகளைத் தாண்டி, புல் மண்டிய மண்மேடுகள் பக்கமும் தீர்த்தச் செம்பைக் கொண்டுவரச் சொல்வேன். ஐப்பசி மழை தூறிக்கொண்டிருக்கும். மெழுகுவர்த்திகள் அணைந்து அணைந்து போகும். சிறுவர்கள் மறுபடி மறுபடி ஏற்றிக்கொண்டே இருப்பார்கள்.